ஊர்வலத்துக்கு யார் அனுமதி தருவது?

1939 ஜூலை 8, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த 90 பேர் அளவில் ஓரிடத்தில் கூடினார்கள். சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, கையில் விளம்பரப் பலகைகளோடு, கடைத்தெருவின் நடைபாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் போன சந்திப்புகளில் ஒன்றை சனிக்கிழமை இரவுகளில் ஒரு மணி நேரத்துக்குள் 26,000 பேர் கடப்பார்கள் என்று பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. கடைக்கு வந்தவர்களுக்கு நடக்க இடைஞ்சல். அனுமதி வாங்காமல் ஊர்வலம் போனதற்காக 68 பேருக்குத் தண்டனை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1941-ல் நீதிபதிகள் ஒருமனதாக நகரத்தின் பக்கம் நின்றார்கள். சட்டம் படிப்பவர்கள் காக்ஸ் வழக்கு என்று சொல்வது இதைத்தான். நேரம், இடம், நடத்தும் விதம் இந்த மூன்றை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பதென்றால் நகரம் தாராளமாக விண்ணப்பம் கேட்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். முன்கூட்டியே தகவல் வந்தால்தானே போலீஸ் போட முடியும், இரண்டு ஊர்வலங்கள் ஒரே முனையில் முட்டிக்கொள்ளாமல் பார்க்க முடியும்?

அனுமதி என்றதும் 'விடுவார்களா, மாட்டார்களா' என்பதுதான் நம் மனதில் ஓடும். விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் தெருக் கணக்குதான். எங்கே கூடுகிறீர்கள், எந்த வழி, எத்தனை பேர், வண்டிகள் உண்டா, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், ஒலிபெருக்கி உண்டா, ஒழுங்கு பார்க்கும் தொண்டர்கள் எத்தனை பேர். சின்ன ஊரென்றால் போலீஸ் தலைவரின் கையெழுத்தோடு முடிந்துவிடும். பெரிய நகரங்களில் அந்தத் தாள் தீயணைப்பு, பொதுப்பணி, பேருந்து என்று ஒவ்வொரு மேசையாகச் சுற்றும். தீயணைப்புத் துறைக்குக் கவலை ஒன்றுதான்: தெருவுக்குள் அவர்கள் வண்டி நுழைய 20 அடி அகலம் காலியாக இருக்குமா?

இதில் பலரும் அலட்சியமாக நிரப்பும் கட்டம் ஒன்று உண்டு. ஊர்வலம் எங்கே கலைகிறது என்பது. தொடங்கும் இடத்தில் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்வார்கள். முடியும் இடத்தில் அப்படியில்லை. முன்வரிசை மேடைக்கு எதிரே நின்றுவிடும், பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருப்பார்கள். வெளியேறப் பக்கத்துத் தெருக்கள் இல்லாவிட்டால் நெரிசல் அங்கேதான் ஏற்படும். அனுபவமுள்ள அதிகாரி வரைபடத்தில் முதலில் விரல் வைப்பது ஊர்வலத்தின் கடைசி இருநூறு அடியில். என்னைக் கேட்டால், அனுமதி என்ற ஏற்பாட்டை நியாயப்படுத்த இந்த ஒரு காரணம் போதும்.

சிக்கல் வருவது தெருவைப் பார்க்கச் சொன்ன அதிகாரி ஆளைப் பார்க்கத் தொடங்கும்போது.

அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரின் விதியில், பொது நலன், அமைதி, கண்ணியம், ஒழுக்கம், வசதி என்று நீண்ட பட்டியலில் எதைக் காட்டியும் அனுமதியை மறுக்கலாம் என்று இருந்தது. இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால் யாரைத்தான் மறுக்க முடியாது? 1963 ஏப்ரலில் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்தினர் அனுமதி கேட்டு ஆள் அனுப்பியபோது, நகர ஆணையர் புல் கானர் அனுமதி கிடையாது, சிறைக்குத்தான் கொண்டுபோவேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று பாதிரியார் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த், மார்ட்டின் லூதர் கிங் முதலானோர் தலைமையில் 52 பேர் இரண்டிரண்டு பேராக நடைபாதையில் போனார்கள். நான்கு தெரு தாண்டியதும் கைது. அந்தச் சிறையிலிருந்துதான் கிங் தன் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார்.

ஷட்டில்ஸ்வொர்த்துக்குக் கீழ்க்கோர்ட் விதித்தது 90 நாள் கடின உழைப்புத் தண்டனை. 1969-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திட்டவட்டமான அளவுகோல் இல்லாத அனுமதி விதி செல்லாது, அதை மீறி நடந்தவரைத் தண்டிக்கவும் முடியாது என்றது. ஆனால் அதே நடைக்காகத் தொடுத்த இன்னொரு வழக்கு வேறு மாதிரி முடிந்தது. ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு நகரம் ஒரு நீதிபதியிடம் தடையாணை வாங்கியிருந்தது. விதி தப்பாக இருந்தாலும் கோர்ட் உத்தரவை மீறியது குற்றமே என்று 1967-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பானது. கிங்கும் மற்றவர்களும் 5 நாள் சிறைக்கு ஆளானார்கள். ஒரே நடை, ஒரே விதி, இரண்டு வழக்கு, இரண்டு முடிவு. சட்டத்தில் தர்க்கம் இருக்கலாம். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

மறுக்க முடியாத இடத்தில் கட்டணம் அந்த வேலையைச் செய்யும். ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்சைத் மாவட்டத்தில் 1987 ஜனவரியில் சமத்துவம் கேட்டு நடந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள். பாதுகாப்புச் செலவு 6,70,000 டாலரைத் தாண்டியது. அதன்பின் மாவட்டம் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் வாங்கலாம் என்று விதி போட்டது. எவ்வளவு என்பது நிர்வாகியின் விருப்பம். இரண்டு ஆண்டு கழித்து, மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறையை எதிர்த்து நடக்க விரும்பிய ஓர் அமைப்பிடம் 100 டாலர் கேட்டார்கள். அது வழக்கானது. எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று ஊகித்துக் கட்டணம் போட்டால், பேசப்போகும் கருத்துக்கே விலை போட்டதாக ஆகும் என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. வென்றவர்கள் கிங்கின் எதிர்ப்பாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் உச்ச நீதிமன்றமும் 1970-களின் தொடக்கத்தில் அகமதாபாத் வழக்கொன்றில், அளவுகோல் இல்லாத இதே குறையைச் சுட்டிக்காட்டியது. பொதுத்தெருவில் கூட்டம் நடத்தப் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற விதியில் எதன் அடிப்படையில் மறுக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் செல்லாது என்றது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காவல்துறைக்கு இருக்கிறது என்பதை அது மறுக்கவில்லை. சென்னையில் அந்த அதிகாரம் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவிலிருந்து வருகிறது.

நல்ல விதி எப்படி இருக்கும் என்பதற்கு சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் விதியைச் சொல்லலாம். கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கக் கோரும் கூட்டங்களை நடத்த விரும்பியவர்கள் அதை எதிர்த்துப் போய் 2002-ல் தோற்றார்கள். 50 பேருக்கு மேல் கூடினால் அனுமதி வேண்டும். மறுப்பதற்கு 13 காரணங்கள் மட்டும் உண்டு, காரணத்தை எழுதித்தர வேண்டும். அதே நாளில் அதே இடத்தை வேறொருவர் முன்பே கேட்டிருந்தால், மாற்று இடமோ நேரமோ நிர்வாகமே சொல்ல வேண்டும். 14 நாளுக்குள் பதில், நீட்டித்தால் மேலும் 14 நாள். விண்ணப்பத்தை மேசையிலேயே ஊறப்போட்டு நாளைக் கடத்துவதுதான் உலகெங்கும் எளிதான மறுப்பு என்பதால், இந்தக் கெடு 13 காரணங்களைவிட முக்கியம்.

வாஷிங்டனில் வெள்ளை மாளிகையைச் சுற்றியுள்ள பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் தேசியப் பூங்காச் சேவை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆர்ப்பாட்டத்துக்கான விண்ணப்பம் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு. மாளிகையின் முன்நடைபாதைக்கு 750 பேர், எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவுக்கு 3,000 பேர் என்று உச்சவரம்பும் விதியிலேயே எழுதியிருக்கிறது. 25 பேருக்கு உட்பட்ட சிறு ஆர்ப்பாட்டம் என்றால் பொதுவாக அனுமதியே தேவையில்லை, வந்து நிற்கலாம்.