கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான மடவை

ஆலத்தியூர் அமைந்துள்ள அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கடற்சிப்பிகளின் தொல்லுயிர்ப் படிவங்கள் கிடைக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் அங்கே இருந்தது. இன்றோ, வடக்கே ஓடும் வெள்ளாற்றைப் பின்பற்றிக் கிழக்கே பரங்கிப்பேட்டை வரை சென்றால்தான் கடலைக் காணலாம். அந்த முகத்துவாரத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். நீருக்கு மேலே பளிச்சென்று மீன்கள் துள்ளி விழும். அவற்றுள் பெரும்பாலானவை மடவை மீன்களே.

மடவை கடலில் முட்டையிடுகிறது. சுமார் 2 சென்டிமீட்டர் வளர்ந்த குஞ்சுகள் கழிமுகங்களுக்குள் புகுகின்றன. உப்பு நீரிலிருந்து ஆற்று நீருக்கு மாறுவது எளிதா என்ன? உப்பிட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குகிறது. உலர்ந்த திராட்சை தண்ணீரில் ஊதிப் பெருக்கிறது. இரண்டும் சவ்வூடு பரவலின் விளைவே. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. மீனின் இரத்தத்திலோ ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் மீன் மாங்காயின் நிலையில் இருக்கிறது: உடல்நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்யக் கடல் நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. ஆற்றிலோ அது திராட்சை! இப்போது நீரைச் சிறுநீராகக் கழித்து, உப்பை உள்ளிழுக்க வேண்டும். ஒரே செவுள் இரு திசைகளிலும் வேலை செய்கிறது. எல்லா மீன்களாலும் இது இயலாது.

இத்தனை சிரமம் எதற்கு? சேற்றுக்காகத்தான். கழிமுகச் சேற்றிலுள்ள நுண்பாசிகளும் மட்கிய பொருள்களுமே மடவையின் உணவு. அதனுடன் மணலும் உள்ளே போகிறது. கோழியின் கற்குடலைப் போன்ற தடித்த இரைப்பை அம்மணலைக் கொண்டே உணவை அரைக்கிறது.

துள்ளலுக்கு வருவோம். ஒரு மீட்டர் உயரம் எழ, மீன் நீரைவிட்டு வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். பகைவனுக்கு அஞ்சித் துள்ளுவதுண்டு. துள்ளும்போது தொண்டையின் மேலறையில் காற்றை நிரப்பிக்கொள்கிறது என்பது 1985இல் வெளியான ஒரு கருத்து. ஒரு லிட்டர் காற்றில் 210 மில்லிலிட்டர் பிராணவாயு உண்டு; நம் வெப்பநிலையில் நீரிலோ சுமார் 5 மில்லிலிட்டர்தான். ஆகவே கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆனால் துள்ளல் எப்போதும் காப்பாற்றாது. கோடையில் ஆற்றின் ஓட்டம் தளரும்போது, அலைகள் கொணரும் மணலைத் தள்ள விசை போதாது. சென்னை அடையாற்றின் முகத்துவாரத்தில் மணல்திட்டு எழுவது இப்படித்தான். மேலே நீரைத் தேக்கத் தேக்க, கீழே ஓட்டம் மேலும் குறைகிறது. வாய் அடைபட்டால் குஞ்சுகள் உள்ளே வர இயலாது. முதிர்ந்தவை முட்டையிடக் கடலுக்குப் போகவும் இயலாது. தேங்கிய நீரில் கழிவு கலந்தால், அது மட்கும்போதே பிராணவாயு தீர்ந்துவிடும். மணலை வெட்டி வழிவிட்டால், அடுத்த ஓதத்திலேயே கடல் நீர் உள்ளே ஏறும்.