காயலான் கடையில ஒரு கச்சேரி!

உங்க மொபைல்ல எத்தனை பாட்டு இருக்கு? 'எண்ணவே முடியாது, எல்லாம் ஆப்ல இருக்கே'ன்னு சொல்வீங்க. ஓகே. ஆனா அந்த ஆப்ல இல்லாத பாட்டு ஒண்ணு, ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஏதாவது ஒரு காயலான் கடையில, ஓட்டை பக்கெட்டுக்கும் இறக்கை உடைஞ்ச ஃபேனுக்கும் நடுவுல படுத்துக் கிடக்கலாம். அதைத் தேடித் தூக்கிட்டு வரத்தான் இந்த வாரம் உங்களைக் கூப்பிடறோம். செலவு? ஒரு ரயில் டிக்கெட், கையில கொஞ்சம் சில்லறை, மனசுல நிறைய பொறுமை.

'இசைத்தட்டுதானே? அதான் மறுபடி ஃபேஷனாயிடுச்சே!' என்று விவரமான பார்ட்டிகள் கேட்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் 2022-ல் சி.டி.க்களை விட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அது புதுசாக அச்சடித்து, பளபளன்னு கவர் போட்டு, ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிற கதை. பர்ஸ் கனமா இருக்கிறவங்க போய் வாங்கட்டும். நாம தேடப் போறது ஏற்கெனவே யாரோ வாங்கி, கேட்டு, கீறி, பரணில் போட்டு மறந்த தட்டு.

உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க. 'பழைய ரெக்கார்டா? மூர் மார்க்கெட்!' என்று யோசிக்காமல் பதில் வரும். சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 1900-ல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகம், பழைய தட்டு, கிளி, முயல் எல்லாம் கிடைத்தன. 1985 மே மாதம் அது தீப்பிடித்து எரிந்தது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. அரக்கு உருக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? மிஞ்சின கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் நிற்கின்றன. 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்று பேர் மட்டும் பாக்கி. கும்மிடிப்பூண்டி வண்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஏறி உட்காருங்க. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று வரிசையாக நம்ம ஏரியாதான். ராயபுரம் போகணும்னா பீச் ஸ்டேஷன்ல வண்டி பிடிங்க.

ஏன் வடசென்னை? முதல் காரணம், இங்கே விதவிதமான ஆட்கள் வாழ்ந்தார்கள். 1856-லேயே ரயில் கிளம்பின ஊர் ராயபுரம். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அக்னிக் கோயில் கட்டிய பார்சிகள், மீனவர்கள், துறைமுகத்து ஆட்கள் என்று கலந்து கட்டின பேட்டை. ஆங்கிலோ இந்திய வீடுகளில் ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் குடும்ப உறுப்பினர் மாதிரி. எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க்கைத் தெரியுமா? 1967-ல் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் தட்டையே முதலிடத்துக்கு வர விடாமல் தடுத்த பாடகர். ஆசாமி 1936-ல் பிறந்தது நம்ம மெட்ராஸில்!

பீட்டில்ஸ் என்றதும் ஒரு ரகசியம். மேல்நாட்டில் 78 சுற்றுத் தட்டுகள் மூட்டை கட்டின பிறகும், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஆலையில் ஹெச்.எம்.வி. கம்பெனி அதே பழைய 78-ல் பீட்டில்ஸ் பாட்டுகளை அச்சடித்துக்கொண்டிருந்தது. மின்சாரமே இல்லாத வீட்டிலும் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன் இருந்ததே, அதற்காக. 1960களின் அந்த இந்தியத் தட்டுக்காக வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இப்போதும் அலைகிறார்கள். கண்ணில் பட்டால் முகத்தில் எதையும் காட்டாதீங்க. 'இன்னா நைனா, இது ஓடுமா?' என்று அசால்ட்டாகக் கேளுங்க.

ரெண்டாவது காரணம் மைக் செட். 1948-ல் எண்ணூரில் லாரி கம்பெனி, 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் கம்பெனி என்று தொழிற்சாலைகள் வர வர, லைன் வீடுகள் வந்தன. கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம்... எல்லாத்துக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். அவர் பெட்டியில் பக்திப் பாட்டு, எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு, நாகூர் ஹனிபா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் சமத்தாக உட்கார்ந்திருக்கும். 'பராசக்தி', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' வசனத் தட்டுகளும் கட்டாயம் உண்டு. பாட்டே இல்லாமல் வெறும் வசனத்தை ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கு என்றால் பார்த்துக்கோங்க. கேசட் வந்ததும் தட்டுகள் பரணுக்குப் போயின. அந்தக் கடைகள் பிறகு சீரியல் லைட், ஷாமியானா, ஜெனரேட்டர் என்று மாறிவிட்டன. ஆகவே பழைய சவுண்ட் சர்வீஸ் போர்டு தெரிந்தால் தயங்காமல் உள்ளே போய், 'அண்ணா, மேல பழைய ரெக்கார்டு ஏதாச்சும் இருக்கா?' என்று கேட்டுப் பாருங்க. காயலான் கடைக்காரரைக் கேட்கிறதை விட இது பெட்டர்.

சரி, தட்டு கையில் வந்தாச்சு. முதலில் எடை பாருங்க. பத்து அங்குலம், கனமா, விரல் நகத்தால் தட்டினால் பீங்கான் மாதிரி சத்தம் வந்தால் அது 78. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் பாட்டு. கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும், கேர்ஃபுல். லேசா வளைந்து கொடுத்தால் வினைல். அதில் சின்னது 45 சுற்று, பெரியது நிமிஷத்துக்கு 33 சுற்று ஓடுகிற எல்.பி. அழுக்கைப் பார்த்து பயப்படாதீங்க. 2011 வரை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கினார்கள். அந்தக் கறுப்புத் தூள் ராயபுரத்தில் சமையல் பாத்திரத்தையே விட்டு வைத்ததில்லை, தட்டு எம்மாத்திரம்? சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, லேபிளில் ஈரம் படாமல் வட்டமாகத் துடைத்தால் போதும். ஆனால் 78-ஐ ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீங்க. தச்சர்கள் பாலிஷ் போட எதை ஸ்பிரிட்டில் கரைக்கிறார்கள்? இதே அரக்கைத்தான். துடைக்கத் துடைக்கப் பாட்டும் சேர்ந்து கரையும்.

ஊசி விஷயத்திலும் உஷார். 78-ன் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தை விடச் சுமார் மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அடியில் போய்த் தரை தட்டிக் கொரகொரன்னு இழுக்கும். பழைய பிளேயர்கள் பலவற்றில் ஊசியைத் திருப்பிப் போடுகிற மாதிரி இருக்கும், ஒரு முனை 78-க்கு, இன்னொன்று எல்.பி.க்கு. கிராமபோனில் இரும்பு ஊசி. பக்கத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். அதில் போய் எல்.பி.யை வைத்தீங்கன்னா வயலில் ஏர் ஓட்டின மாதிரி ஆயிடும்.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்கு என்று கேட்கலாம். ராயபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஜார்ஜ் டவுன். அங்கே வாழ்ந்தவர் வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய பெரிய வித்வான்கள் மூச்சு விடாமல் உட்கார்ந்து கேட்பார்களாம், வீணைச் சத்தம் அவ்வளவு மென்மை. 1932-ல், அறுபதைத் தாண்டின வயதில், கொலம்பியா கம்பெனிக்காகச் சில தட்டுகளில் வாசித்தார். 1938-ல் காலமானார். அந்தச் சில தட்டுகளை யாரோ உடைக்காமல், எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்று நீங்க இயர்போனில் தனம்மாளைக் கேட்க முடிகிறது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஓடியன் என்று ஒரு ஜெர்மன் கம்பெனி. ஏ.வி.எம். ஸ்டூடியோ ஆரம்பிக்கும் முன்பு மெய்யப்ப செட்டியார் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் அந்தத் தட்டுகளை இங்கே வெளியிட்டது. 1930களின் கடைசியில் ஓடியன் இந்தியாவை விட்டே போய்விட்டது. பல வருஷம் கழித்து பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றில் இந்திய ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கினபோது யாரிடம் போனார்கள் தெரியுமா? தனி ஆட்களிடம். வீட்டில் தட்டு சேர்த்து வைத்திருந்தவர்களிடம்.

அதனால்தான் ஒரு கோபம். பழைய தட்டை வாங்கி மேலே மயில், மண்டலா என்று பெயின்ட் அடித்துச் சுவரில் மாட்டுகிறார்கள். வெந்நீரில் காட்டி வளைத்துக் கிண்ணம் செய்கிறார்கள். கடிகாரமாக்கி காபி ஷாப்பில் தொங்க விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் விற்ற சினிமா எல்.பி., அதுவும் விரிசல் விட்டது என்றால் போகட்டும், உங்க இஷ்டம். ஆனால் லேபிளில் யார் பேர் என்றுகூடப் படிக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறவரை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்க.

கிடைத்ததை அலமாரியில் பூட்டுகிறதும் கிட்டத்தட்ட அதே கேஸ்தான். நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு மொட்டை மாடி, ஒரு பிளேயர், சுண்டல் பொட்டலம்... ஆளுக்கு ஒரு தட்டு கொண்டு வந்து 'இது எங்கே கிடைச்சது' என்று கதை சொல்லிப் போடுங்க. ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் என்பதால் யாரும் நடுவில் மொபைலை எடுக்க மாட்டார்கள், கேரன்டி. அபூர்வமாகத் தெரிந்தால் பிளேயரை லேப்டாப்பில் இணைத்துப் பதிவு செய்யுங்க. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். உங்க பிளேயரில் 78 வேகம் இல்லையா? சரியான ஊசியைப் போட்டு 45-ல் ஓட்டிப் பதிந்துவிட்டு, அதிலேயே 78 வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கொரகொர சத்தத்தை அழிக்கிறேன் பேர்வழி என்று பாட்டையும் சேர்த்து அழிக்காதீங்க. சுத்தம் செய்யாத ஒரிஜினலைத் தனியாக வைங்க. லேபிளை ரெண்டு பக்கமும் படம் எடுங்க. லேபிளுக்கு வெளியே வழவழப்பான இடத்தில் கீறியிருக்கிற எண்ணையும் குறிச்சுக்கோங்க. எப்போது, எங்கே பதிவானது என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு அந்த எண்தான் ஜாதகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லாததாக இருந்தால் ரெண்டு தரப்புக்கும் தீபாவளிதான்.

நெட்டில் ஏற்றலாமா? இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம். பாட்டு எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி; அவங்க காலமாகி 60 வருஷம் வரைக்கும். ஆக, 1930களின் தட்டாக இருந்தாலும் எழுதியவர் யார் என்று பார்த்துட்டுப் போடுங்க. இளையராஜா எல்.பி.யை மொட்டை மாடியோடு நிறுத்திக்கோங்க.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. தட்டு தட்டாகப் புரட்டினாலும் வடசென்னையின் சொந்தக் குரல் அதில் கிடைப்பது அபூர்வம். சாவு வீட்டிலும் தெருமுனையிலும் விடிய விடியப் பாடின கானாவைத் தேடி எந்தப் பெரிய தட்டுக் கம்பெனி காசிமேட்டுக்கு வந்தது? கானா பரவலாகப் பதிவானது கேசட் காலத்தில்தான். சின்னச் சின்ன ஆட்கள் பதிவு செய்து, சின்னச் சின்னக் கடைகளில் விற்ற கேசட்டுகள். தட்டை விட அவற்றுக்கு ஆயுசு குறைவு, நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் 'அத்த வுடு தம்பி, வெறும் கேசட்டு' என்று காலால் தள்ளுகிற அட்டைப் பெட்டியைக் கட்டாயம் குனிந்து பாருங்க. மேலே பேனாவால் எழுதின பேர் மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கேசட் பிளேயரும் தேத்திக்கோங்க, ரிச்சி தெருவில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

கடைசியா, கிளம்பும்போது காயலான் கடை அண்ணனிடம் உங்க நம்பரைக் கொடுங்க. டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் ஞாபகம் வைத்திருப்பார். 'தட்டு வந்திருக்குப்பா' என்று போன் வந்தால் செமஸ்டர் முடியட்டும், ஞாயிறு வரட்டும் என்று இழுக்காதீங்க. லோடு ஏத்த லாரி ஞாயிறு வரைக்கும் காத்திருக்காது.