கைக்கு வரும் மொத்தத் தொகை

உத்தியோகத்தை முன்னிட்டு ஊரை விட்டு வந்த நம்மவரிடையே ஒரு வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. ஓய்வு பெறும் ஆண்டு நெருங்கியதும், பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வருமுன்பே மனத்தளவில் செலவாகிவிடுகின்றன. பெண்ணின் கலியாணக் கடனுக்கு ஒரு பங்கு. மிகுதியெல்லாம் சொந்த ஊரில் கட்டவிருக்கும் வீட்டுக்கு. அந்த வீட்டைப் பற்றியே இங்கு மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

தனியார் கம்பெனிகளில் வேலை பார்ப்போருக்கும் பென்ஷன் உண்டு. ஆனால் அது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவிகிதம் 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதற்குரிய சம்பளத்துக்கு 2014இல் 15,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் கிடைக்கும். முப்பது ஆண்டுகளுக்கும் அந்த வரம்பையே வைத்துக்கொண்டாலும் 6,429 ரூபாய்தான் வருகிறது. நீண்ட சேவைக்காக இரண்டாண்டு கூட்டிக் கொடுத்தாலும் ஏழாயிரத்தை எட்டவில்லை. அதற்குப் பஞ்சப்படியும் கிடையாது. ஆகவே, மொத்தமாகக் கைக்கு வரும் தொகையே இவர்களுக்கு உண்மையான பென்ஷன்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டித்துவிடும். 58 வயதில் 40,000 ரூபாயில் நடந்த குடும்பம் 70 வயதில் 80,000 ரூபாய் கேட்கும். வைத்தியச் செலவு எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை.

இந்தத் தொகையையா செங்கல்லிலும் சிமெண்டிலும் போட்டு முடக்குவது? மாதுங்காவிலும் கரோல் பாகிலும் முப்பது ஆண்டு குடித்தனம் செய்தவருக்கு ஊர் மீது ஏக்கம் இருப்பது இயற்கையே. அதை நாம் பழிக்கவில்லை. நமக்கும் அது உண்டு. ஆனால் அவர் நினைவிலுள்ள ஊர் அவர் விட்டு வந்த நாளின் ஊர். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இங்கே. பழகிய டாக்டர் இங்கே. வீட்டு அம்மாளுக்கோ கோயிலும் கடைத்தெருவும் நாலு சிநேகிதிகளும் இங்கேதான். ஊரோடு போய்விடுவது என்று முடிவு செய்த எத்தனை பேர் அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்? கட்டிய வீடு பூட்டிக் கிடக்க, ஆண்டுக்கொரு முறை போய் ஒட்டடை அடித்துத் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். ஊருக்கே போவதென்றால் முதலில் ஓராண்டு அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். கோடை, மழை, ஒரு காய்ச்சல், ஓர் இரவு நேர வைத்தியம் இவையெல்லாம் கண்ட பின்னர் மனை வாங்கினாலும் காலம் கடந்துவிடாது.

பணத்தை வைக்கத் தக்க இடங்களில் 2004இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஒன்று. தபால் ஆபீசிலேயே சேரலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். 2023 முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அறுபது வயது ஆகவேண்டும் என்பது பொது விதி. 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவருக்கு விலக்கு உண்டெனினும், பணம் வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விடுபவர்கள் உண்டு. எல்லாவற்றையும் இதிலேயே போடலாகாது. வட்டி மாறாதிருக்க, விலைவாசி ஏறிக்கொண்டே போகும். பத்தாண்டு தொடவேண்டாத ஒரு பகுதியை நல்ல பரஸ்பர நிதிகளில் வைப்பது தகும்.

இன்னொன்று, நம்மவருக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலையெழுத்துத்தான். சேமநிதி ஏட்டில் தலையெழுத்தும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதும், பாங்கிக் கணக்கில் அதுவே பின்னால் மாறியும் இருக்கும். பெயர்கள் ஒவ்வாவிட்டால் பணம் மாதக்கணக்கில் நின்றுபோகும். கணவர் காலமான பின் விதவைப் பென்ஷனுக்கு அலையும் அம்மாளுக்கு இது இரட்டைத் துன்பம். ஓய்வு பெற இரண்டாண்டு இருக்கும்போதே மூன்று ஏடுகளையும் எடுத்து, மனைவியை அருகில் வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி வைக்கவேண்டும். வாரிசு நியமனத்தில் தாயார் பெயர் கலியாணத்துக்கு முன் எழுதியபடியே நிற்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம்.