கையில் இருக்கும் கிளை: திறன்பேசி வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி

மாதத்தின் கடைசி வேலைநாள். ஓய்வூதியம் வரவாகும் நாள் என்பதால் கிளையில் கூட்டம் சற்று மிகுதியாக இருந்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் வங்கியின் வாடிக்கையாளர், வந்ததும் வராததுமாக, "என் கணக்கை முடக்கிவிட்டீர்களா, சார்?" என்று கேட்டார். கணக்கில் முடக்கம் எதுவும் இல்லை. ஓய்வூதியமும் காலையிலேயே வரவாகியிருந்தது. அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கைப்பேசி அது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. படமும் நன்றாகவே எடுத்தது. ஆனால் அதற்குக் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. இயங்குதளம் பழையதாகிவிட்டதால், வங்கிச் செயலியின் புதிய பதிப்பு அதில் இயங்க மறுத்தது.

அடுத்து அவர் சொன்ன செய்திதான் நமக்குக் கவலை தந்தது. "கைப்பேசிக் கடையில் ஒரு தம்பி, வேறு வழியில் செயலியை இறக்கித் தருகிறேன் என்றார். நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன்." அதிகாரப்பூர்வ அங்காடிக்கு வெளியிலிருந்து இறக்கப்படும் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பயன்படுத்துவோர் அறிய வழியில்லை. குறுஞ்செய்திகளைப் படித்து ஒருமுறைக் கடவுச்சொல்லைக் களவாடும் போலிச் செயலிகள் பல இந்த வாசல் வழியாகவே நுழைகின்றன. ஒரு நாள் முன்னதாக அவர் கிளைக்கு வந்தது நல்லதாயிற்று.

திறன்பேசியைப் பற்றி வங்கி இதழில் எழுத என்ன தேவை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். 2016-இல் யுபிஐ அறிமுகமானபோது கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் ஒரு புதுமை. 2024 அக்டோபர் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியே 1,600 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. காய்கறி வண்டி முதல் கல்லூரிக் கட்டணம் வரை எல்லாம் அந்தச் சிறு திரை வழியாகச் செல்கின்றன. பதிவுசெய்த எண்ணுள்ள சிம் அட்டை, அது பொருந்தியிருக்கும் கருவி, உங்களுக்கு மட்டுமே தெரிந்த இரகசிய எண் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் உங்கள் கணக்கின் கதவைத் திறக்கின்றன. ஆகவே கைப்பேசி வாங்குவது, பணப்பெட்டிக்குப் பூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். பூட்டின் பளபளப்பைவிட, அது எத்தனை ஆண்டுகள் உறுதியாக இருக்கும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது.

முதல் கேள்வி: எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு?

கடையில் நாம் வழக்கமாகக் கேட்பவை நான்கு: கேமரா எத்தனை மெகாபிக்சல், மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும், நினைவகம் எவ்வளவு, விலையில் எவ்வளவு குறையும். இவை தேவையான கேள்விகளே. ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படாத ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு. "இந்த மாதிரிக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்?" என்பதே அது.

எந்த இயங்குதளத்திலும் ஓட்டைகள் கண்டறியப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டுக்கான பாதுகாப்பு அறிக்கைகளை கூகுள் நிறுவனம் 2015 முதல் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. கண்டறியப்பட்ட ஓட்டை அறிக்கையில் வெளியாகும்போது, திருத்தம் பெறும் கைப்பேசிகள் காக்கப்படுகின்றன. பெறாதவை முன்னைவிட மிகுதியான ஆபத்துக்கு உள்ளாகின்றன. ஏனெனில், ஓட்டை எங்கே இருக்கிறது என்பது இப்போது திருடனுக்கும் தெரிந்துவிட்டது.

இதில் உற்பத்தியாளர்களிடையே பெரிய வேறுபாடு உண்டு. 2023 அக்டோபரில் வெளிவந்த பிக்சல் 8 வரிசைக்கு ஏழு ஆண்டுகள் புதுப்பிப்பு தருவதாக கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங் நிறுவனமும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தது. இவை விலை உயர்ந்தவை. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், சுமார் இருபதாயிரம் ரூபாய் அளவில் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி மாதிரிக்கும் ஆறு ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது. மறுபுறம், அதே விலைக்கு விற்கும் வேறு பல கைப்பேசிகளுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே கிடைக்கின்றன. விலை உயர்ந்தால்தான் ஆயுள் நீளும் என்பது கட்டாயமில்லை என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இங்கே பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இந்த ஆண்டுகள் பொதுவாக அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றன. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. நான்கு ஆண்டு உறுதியுள்ள ஒரு மாதிரியை, அது வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத் திருவிழாத் தள்ளுபடியில் வாங்கினால், உங்கள் கைக்கு வருவது இரண்டு ஆண்டுகள் மட்டுமே. தள்ளுபடி பெரிதாக இருப்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

ஐபோனா, ஆண்ட்ராய்டா?

வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வங்கி எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பதில்லை. இரண்டிலும் உள்ள நிறைகுறைகளை மட்டும் சொல்லலாம்.

ஆப்பிள் நிறுவனம் கருவியையும் இயங்குதளத்தையும் தானே உருவாக்குவதால், புதுப்பிப்பு ஒரே நாளில் தகுதியுள்ள எல்லா ஐபோன்களுக்கும் கிடைக்கிறது. 2018-இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ்ஆர், 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 பதிப்பையும் பெற்றது. பழைய ஐபோனுக்கு மறுவிற்பனை மதிப்பும் பொதுவாகக் கூடுதல். ஆனால் முதல் விலை மிகுதி. பழுதுபார்ப்புச் செலவும் அதற்கேற்ப உயரும்.

ஆண்ட்ராய்டில் தெரிவுகள் ஏராளம். பத்தாயிரம் ரூபாய் முதல் ஒரு இலட்சத்துக்கும் மேல் வரை சாம்சங், விவோ, ஒப்போ, சியோமி, ரியல்மி, மோட்டோரோலா எனப் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. கூகுள் தரும் திருத்தத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் மாதிரிக்கு ஏற்ப மாற்றி அனுப்ப வேண்டியிருப்பதால், சில மாதிரிகளுக்கு மாதந்தோறும், சிலவற்றுக்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, சிலவற்றுக்கு எப்போதாவது ஒருமுறை என்று அது வந்து சேர்கிறது. எனவே ஆண்ட்ராய்டில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க இயலாது. குறிப்பிட்ட மாதிரியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

எண்ணி வைத்த தொகையில் வாங்குவோருக்கு, ஐந்து ஆண்டுகள் பழைய ஐபோனைவிட, நீண்ட புதுப்பிப்பு உறுதியுள்ள புதிய நடுத்தர ஆண்ட்ராய்டு கைப்பேசி பெரும்பாலும் பாதுகாப்பான தெரிவாக அமையும்.

மெகாபிக்சலும் மின்கலமும்

கேமராவின் மெகாபிக்சல் எண் மயக்கம் தரக்கூடியது. 108 மெகாபிக்சல் என்று விளம்பரப்படுத்தப்படும் கேமரா, இயல்பான நிலையில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. படத்தின் தரத்தை உணரியின் அளவும் மென்பொருளுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. கியூஆர் குறியீட்டைப் படிக்கவோ, ஆவணத்தைப் படமெடுத்து அனுப்பவோ இன்றைய எந்தக் கைப்பேசியின் கேமராவும் போதும்.

மின்கலம் அப்படியன்று. கடை வாசலில் பணம் செலுத்தும் வேளையில் அணைந்துபோகும் கைப்பேசி, எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை. 5,000 மில்லியாம்பியர்-மணி கொள்ளளவு இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. ஆனால் லித்தியம் அயனி மின்கலம் எதுவாயினும் பயன்பாட்டில் தேய்வது இயற்கை. மூன்றாம் ஆண்டில் அதை மாற்ற வேண்டி வரலாம். ஆகவே உங்கள் ஊரிலோ அருகிலோ அந்நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் சேவை மையம் உண்டா, மின்கலமும் திரையும் மாற்ற என்ன கட்டணம் என்று வாங்குமுன்பே கேட்டறிவது நன்று. நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்திலும், பங்கேற்கும் நிறுவனங்களின் சேவை விவரங்களைக் காணலாம்.

சேமிப்பிடம் குறைந்தது 128 ஜிபி இருப்பது நலம். இடம் நிறைந்துபோனால் புதுப்பிப்பை இறக்க முடியாமல் போகும். பலர் அதைத் தள்ளிப்போட்டு மறந்தும்விடுகின்றனர்.

விலையைக் கணக்கிடும் முறை

வணிகவியல் படித்தவர்கள் தேய்மானக் கணக்கை அறிவர். அதையே இங்கும் பயன்படுத்தலாம். எடுத்துக்காட்டாக, ரூ.15,000 விலையுள்ள ஒரு கைப்பேசிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகளே புதுப்பிப்பு உண்டு என்று கொள்வோம். ஆண்டுக்கு ஆகும் செலவு ரூ.7,500. ரூ.24,000 விலையுள்ள மற்றொன்றுக்கு ஐந்து ஆண்டுகள் உண்டு. இடையில் மின்கலம் மாற்ற ரூ.2,500 சேர்த்தாலும் மொத்தம் ரூ.26,500. ஆண்டுக்கு ரூ.5,300. மலிவாகத் தோன்றியதே உண்மையில் விலை மிகுந்தது.

'வட்டியில்லாத் தவணை' என்ற சொல்லையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். பூச்சிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. ரொக்கமாக வாங்கினால் ரூ.22,000-க்குக் கிடைக்கும் கைப்பேசியை, மாதம் ரூ.2,000 வீதம் பன்னிரண்டு தவணைகளில் ரூ.24,000 செலுத்தி வாங்கினால், நீங்கள் இழந்த ரூ.2,000 தள்ளுபடியே வட்டி. ஆண்டு விகிதத்தில் அது ஏறத்தாழ 16 விழுக்காடு. செயலாக்கக் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் இருப்பின் இன்னும் கூடும். தவணை தவறானதன்று, தேவைப்படுவோர் வாங்கலாம். ரொக்க விலையை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு தவணையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள். கைப்பேசியின் பாதுகாப்புக் காலம் முடிந்த பின்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கும் நிலை மட்டும் கூடாது.

பழைய கைப்பேசி வாங்குவோரும் கொடுப்போரும்

பயன்படுத்திய கைப்பேசி வாங்குவதாயின், *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருட்டுக் கருவியெனத் தடைசெய்யப்பட்டதா என்பது அதில் தெரியவரும். 'அமைப்புகள்' பகுதியில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியையும் பாருங்கள். ஓராண்டுக்கும் முந்தைய தேதி இருந்து, புதிதாக எதுவும் இறங்கவில்லையெனில், அதை வங்கிப் பணிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

பழையதை விற்பவர்கள் முதலில் வங்கி, யுபிஐ செயலிகளில் பதிவை நீக்க வேண்டும். பின்னர் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும். பெற்றோருக்குத் தம் பழைய கைப்பேசியைத் தரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: உங்களுக்குப் பழையதாகிப்போன கருவியில்தான் அவர்களின் வாழ்நாள் சேமிப்பு இருக்கப்போகிறது. கொடுக்குமுன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

புதியது வந்த பின்

திரைப்பூட்டை முதல் நாளே அமையுங்கள். செயலிகளை அதிகாரப்பூர்வ அங்காடியிலிருந்து மட்டும் நிறுவுங்கள். கருவி மாறும்போது யுபிஐ பதிவைப் புதிதாகச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பரிமாற்ற வரம்பு குறைவாக இருக்கலாம். எனவே கட்டணம் செலுத்தக் கடைசி நாளன்று கைப்பேசியை மாற்றாதீர்கள். கருவி தொலைந்தால் உடனே வங்கிக்கும், சிம் அட்டையை முடக்கத் தொலைபேசி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். காவல் நிலையத்தில் புகார் அளித்தபின் சஞ்சார் சாத்தி வழியே கருவியையும் தடைசெய்யலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை ஒரு நிமிடமும் தாமதியாமல் அழையுங்கள்.

திறன்பேசியே வேண்டாம் என்போரும் கவலைப்பட வேண்டியதில்லை. சாதாரணக் கைப்பேசிகளுக்காக 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யுபிஐ 123பே சேவை உண்டு. கிளையும் எப்போதும் உண்டு.

அந்த ஆசிரியர் அடுத்த மாதம் புதிய கைப்பேசியுடன் வந்தார். நடுத்தர விலைதான். "எந்த ஆண்டு வரை புதுப்பிப்பு வரும் என்று கேட்டேன். கடைக்காரருக்கே தெரியவில்லை. நிறுவனத்தின் தளத்தைத் திறந்து பார்த்துத்தான் சொன்னார்" என்றார். வங்கிச் செயலியை எங்கள் முன்னிலையிலேயே நிறுவி, இருப்பைப் பார்த்துக்கொண்டார். பெட்டியின் உட்புறத்தில், புதுப்பிப்பு முடியும் ஆண்டைத் தம் அழகிய கையெழுத்தில் குறித்தும் வைத்திருந்தார். நிலையான வைப்பு முதிரும் தேதியைக் குறித்து வைப்பதுபோல, நாம் ஒவ்வொருவரும் குறித்து வைக்க வேண்டிய ஆண்டு அது.