தவிட்டோடு பிரெஞ்சு ரொட்டி



சுவாமிமலைப் பக்கம் நெல்லும் வாழையும் கரும்பும் விளைகிற சீமை. இங்கே வந்து கோதுமை ரொட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கோதுமை வாங்காத வீடு இன்று எங்கே இருக்கிறது? அவசரத்துக்கு என்று கடை ரொட்டியும் பன்னும் வீட்டுக்குள் வந்துவிட்டன. காசு கொடுத்து நாம் வாங்குவது பெரும்பாலும் மைதா. மேலே பழுப்பாக இருந்தால் அதைக் கோதுமை ரொட்டி என்று நம்பிவிடுகிறோம். உறையைத் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமான பொருளை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா என்றும், கடைசியில் கேரமல் நிறம் என்றும் போட்டிருந்தால், அந்தப் பழுப்பு தவிட்டால் வந்தது அல்ல, சாயத்தால் வந்தது.

தவிட்டின் அருமையை நெல் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் சோர்ந்து விழுந்தன. தீட்டாத அரிசியைப் போட்டதும் எழுந்து நடந்தன. மனிதருக்கு வருகிற பெரிபெரி நோயின் காரணம் இப்படித்தான் பிடிபட்டது. தவிட்டில் இருக்கிற பி-1 என்ற உயிர்ச்சத்தை நாம் தீட்டித் தள்ளிவிடுகிறோம். இந்த வேலைக்காக எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பாட்டிமார் நெல்லைப் புழுக்கிக் குத்தியதால், அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிக் காப்பாற்றப்பட்டது. கோதுமைக்கும் இதே கதைதான். தவிட்டையும் முளையையும் நீக்கினால் மைதா; நீக்காமல் அரைத்தால் முழுக் கோதுமை மாவு.

இப்போது பிரெஞ்சு ரொட்டிக்கு வருவோம். பகெத் என்று பெயர். கோல் என்று பொருள். கோல் போலவே நீளமாக, மேலே மொறுமொறு என்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும். இது நமக்கு அந்நியம் இல்லீங்க. காவிரி கடலில் கலக்கிற சீமையிலேயே இருக்கிறது காரைக்கால். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954-ல் அவர்களிடமிருந்து விடுபட்ட ஊர். புதுச்சேரியில் இன்றும் இந்த ரொட்டி சுடுகிறார்கள். இன்னொரு செய்தியும் கேளுங்கள். பாரிஸ் நகரத்தில் ஆண்டுதோறும் சிறந்த பகெத்துக்குப் போட்டி நடக்கிறது. 2023-ல் அதில் முதல் பரிசு வாங்கியவர் இலங்கையிலிருந்து போன தமிழர், தர்ஷன் செல்வராஜா. ஓராண்டுக்கு பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே தமிழர் கைக்கு வராத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு விஷயம். அசல் பகெத் வெள்ளை மாவில் செய்வது. தவிட்டு மாவில் அதே முறையில் செய்தால் கல் மாதிரி கனத்துவிடும். பலர் இதைக் கண்டு பயந்து பாதிக்குப் பாதி மைதா சேர்க்கிறார்கள். சிலர் ஈஸ்டை அள்ளிப் போடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. தவிட்டுக்கு வேண்டியது தண்ணீரும் நேரமும்தான். ஏன் என்று பார்ப்போம்.

கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மாவுச்சத்து கரைந்து போய், ரப்பர் மாதிரி ஒரு பசை கையில் நிற்கும். குளூட்டன் என்பார்கள். அரிசி மாவில் இது கிடையாது. இட்லி மாவு உப்பி நிற்பதற்கும் உளுந்தின் கொழகொழப்புதான் உதவுகிறது. ஈஸ்ட் மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று காற்றை விடுகிறது. குளூட்டன் பலூன் போல அதைப் பிடித்து வைக்கிறது. தவிட்டுத் துணுக்கோ கூர்மையானது. பலூனைக் குத்திக் கிழித்துவிடும். போதாக்குறைக்குத் தண்ணீரையும் மெதுவாகக் குடிக்கும். விதை நெல்லை ஊற வைக்காமல் நாற்றங்காலில் தெளிப்போமா? அதுபோலத் தவிட்டை முதலில் ஊற வைத்து மெத்தென்று ஆக்கிவிட்டால் கிழிப்பது குறையும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து சும்மா விடுகிற இந்த முறையை 1974-ல் முறைப்படுத்திச் சொன்னவர் ரேமோன் கால்வெல் என்ற பிரெஞ்சு ரொட்டிப் பேராசிரியர்.

இனி செய்முறை.

மாவு: சாதாரணக் கோதுமையைக் கழுவி உலர்த்தி, மாவு மில்லில் நைசாக அரையுங்கள். சூடு ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். முளையில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் சிக்கு வாடை வரும்; 15 நாளுக்கு ஆவது மட்டும் அரைத்தால் போதும். சம்பா கோதுமை ரவைக்கும் கஞ்சிக்கும் உயர்ந்தது. ரொட்டிக்கு வேண்டிய இழுவை அதன் பசையில் குறைவு.

அளவு: மாவு 500 கிராம், தண்ணீர் 380 மில்லி, உப்பு 9 கிராம், உலர்ந்த ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி. பாரிஸ் போட்டியிலும் ஒரு கிலோ மாவுக்கு 18 கிராம் உப்பு என்பதுதான் கணக்கு. சர்க்கரை, எண்ணெய் வேண்டாம்.

ஊறல்: மாவில் தண்ணீரை ஊற்றி, உலர்ந்த மாவு தெரியாமல் கலந்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகத்தான் இருக்கும். மேலும் மாவைத் தூவி இறுக்கிவிடாதீர்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

புளிப்பு: பிறகு உப்பையும் ஈஸ்டையும் சேர்த்துப் பிசையுங்கள். கையை நனைத்துக்கொண்டு, மாவை ஓரத்திலிருந்து இழுத்து நடுவே மடியுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தரமாக மூன்று தரம் மடித்தால் போதும். நம் ஊர் சூட்டில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். கோடையில் மண்பானைத் தண்ணீரை ஊற்றுங்கள். மாவு ஒன்றரை மடங்கு உப்பினால் சரி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஃபிரிட்ஜ் உள்ள வீட்டில் ஒரு மணி நேரம் வெளியே விட்டு, இரவு முழுதும் உள்ளே வைத்தால் ருசி இன்னும் கூடும். தவிட்டில் உள்ள ஃபைடிக் அமிலம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீண்ட நேரம் புளித்தால் அந்தப் பிடி தளரும்.

உருட்டுதல்: நான்கு பங்காக்கி, 20 நிமிடம் ஆற விடுங்கள். ஒவ்வொன்றையும் தட்டி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, ஒரு முழத்துக்கும் குறைவாக, அடுப்புக்கு அடங்கும் நீளத்தில் உருட்டுங்கள். சுத்தமான பழைய வேட்டித் துணியில் அரிசி மாவைத் தூவி, துணியை மடிப்பு மடிப்பாக வைத்து, நடுவே ரொட்டியைக் கிடத்துங்கள். அரிசி மாவுக்கு ஒட்டும் குணம் குறைவு. வெளிநாட்டு ரொட்டிக்காரர்களும் இதைத்தான் தூவுகிறார்கள். அரை மணியிலிருந்து 40 நிமிடம் கழித்து விரலால் அமுக்கினால், பள்ளம் மெதுவாக எழும்ப வேண்டும். உடனே எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும். எழும்பவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது.

சுடுதல்: மின்சார ஓவனை 230 டிகிரியில் அரை மணி நேரம் காய விடுங்கள். பிளேடால் மேலே மூன்று சாய்ந்த கீறல் போடுங்கள். அந்த வழியாகத்தான் ரொட்டி விரியும். உள்ளே ஒரு சிறிய இரும்புச் சட்டியில் கொதிநீர் வைத்தால், ஆவியில் மேல்தோல் சீக்கிரம் இறுகாது. முதல் பத்து நிமிடம் கழித்துச் சட்டியை எடுத்துவிட்டு, மேலும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சுடுங்கள். அடியில் தட்டினால் பறை மாதிரி ஓசை வர வேண்டும். ஆவிச் சூட்டில் கை வெந்துவிடும், கவனம்.

ஓவன் இல்லையா? கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிக் காய வைத்து, உள்ளே தட்டில் உருண்டை ரொட்டியாக முக்கால் மணி நேரம் வரை சுடலாம். மொறுமொறுப்பு வராது, ஆனால் நல்ல ரொட்டிதான்.

சுட்டதும் அறுக்கக் கூடாது. முறத்தில் சாய்த்து வைத்து ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். சுவாமிமலைச் சிற்பிகளைப் பாருங்கள். மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் பொறுமையாக உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டால் அச்சு வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ரொட்டிக்கும் அந்தப் பொறுமை வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

மிச்சத்தைத் துணியில் சுற்றி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப் போகும். மறுநாள் துண்டு போட்டுத் தோசைக் கல்லில் வாட்டினால் பருப்புக்கும் சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூஞ்சணம் பிடிக்கும், அன்றன்றைக்குத் தின்றுவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தவிடு இருந்தாலும் இதுவும் மாவுப் பண்டம்தான், அளவோடு சாப்பிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னவர்கள் தொடவே வேண்டாம்.

முதல் தரம் கனமாக வந்தால் மனம் தளராதீர்கள். அடுத்த முறை தண்ணீரை 20 மில்லி கூட்டுங்கள். ஊறலை அரை மணி நேரம் நீட்டுங்கள். ஈஸ்டைக் கூட்டாதீர்கள், மைதாவையும் சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று தரத்தில் உங்கள் மில் மாவுக்கு ஏற்ற அளவு உங்களுக்கே பிடிபடும். அதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வீட்டு அளவு.