காசநோயும் உணவும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பயணம் செய்த மாணவர்கள், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். 'தாம்பரம் சானடோரியம்' என்று பலகையில் எழுதியிருக்கும். சானடோரியம் என்பது ஊரின் பெயரன்று. காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய மருத்துவ விடுதியைக் குறிப்பது. ரயில் நிலையத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

என் சிறு பிராயத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கு இந்நோய் கண்டது. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் பாட்டியாரின் குரல் தாழ்ந்துவிடும். அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையின் ஒரு கோடியில் தனிப் பாய். பல மாதங்கள் சானடோரியத்தில் இருந்து, உடல் தேறித் திரும்பி வந்தார். வந்த பிறகும் அந்தக் குவளை தனியாகவே இருந்தது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்வதா, வெளியே அனுப்புவதா என்னும் கேள்வி அன்று பல குடும்பங்களை அலைக்கழித்தது. அக்கேள்விக்குச் சென்னையிலேயே ஒரு விடை கிடைத்திருந்தது என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த பின்னரே அறிந்தேன்.

காசநோயை உண்டாக்கும் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882-லேயே கண்டறிந்து அறிவித்தார். ஆனால், அதைக் கொல்லும் மருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரை கைக்கு எட்டவில்லை. மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும், தூய காற்றும், பாலும் முட்டையுமே சிகிச்சையாயின. சானடோரியங்கள் எழுந்தது அதனால்தான். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். முதலில் வியப்பூட்டும் பலன் கிடைத்தது. பின்பு பலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது.

இது ஏன் நேர்ந்தது? நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கையில், அவற்றுள் மிகச் சில, பிறப்பிலேயே ஒரு மருந்துக்கு மசியாதவையாக இருக்கும். அம்மருந்தைத் தனியே கொடுத்தால் மற்றவை மடியும். மசியாதவை மட்டும் தழைத்துப் பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றுக்கு இரையாகும். இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி அரிதினும் அரிது. இன்றளவும் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து வழங்குவதன் அடிப்படை இந்த எளிய கணக்குத்தான்.

1952-இல் ஐசோனியசிட் வந்தது. மலிவானது, மாத்திரையாக விழுங்கக்கூடியது. இங்கேதான் புதிய கேள்வி பிறந்தது. நம் நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தனர். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. மாத்திரையை வீட்டில் இருந்தபடியே விழுங்கினால் நோய் தீராதா? இதை ஆராய 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதற்குத் துணை நின்றன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு நோயாளிகள் சோதனையில் சேர்க்கப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையே தீர்மானித்தது. மருத்துவர் தீர்மானித்திருந்தால், மிகவும் மெலிந்தவரை இரக்கத்தால் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பின் இரு சாராரையும் ஒப்பிடுவதில் பொருளே இராது. இரு சாராருக்கும் ஐசோனியசிட், 'பாஸ்' என்னும் அதே இரு மருந்துகள், அதே ஓராண்டு. பாஸ் குமட்டலை உண்டாக்கும் மருந்து. கிராம் கணக்கில் விழுங்கவேண்டியது. வீட்டில் இருப்போர் அதை உண்மையாகவே உட்கொள்கிறார்களா என்றறிய, முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

சானடோரியத்தில் இருந்தோருக்கு நல்ல உணவு, படுக்கை, காற்று, தாதியரின் கவனிப்பு எல்லாம் இருந்தன. வீட்டில் இருந்தோரோ நெருக்கடியான சிறு வீடுகளில் வாழ்ந்து, குறைந்த உணவை உண்டு, உடல் சிறிது தேறியதும் வேலைக்கும் போயினர். சானடோரியத்தார்க்கு எடை மிகுதியாகக் கூடியதில் வியப்பில்லை. ஆனால், 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். இவ்வளவு ஏற்றத்தாழ்வான வாழ்க்கைக்கிடையே அந்த வேறுபாடு மிகச் சிறிது. குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கண்காணித்தனர். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டறியப்படுமுன்பே தொற்று நடந்தேறிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவில் குன்றிவிடுகிறது. எங்கள் தெருவின் தனிக் குவளையால் யாருக்கும் ஒரு நன்மையும் விளைந்திருக்காது.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இச்சோதனையும் ஒரு காரணம். அதன்பின் வந்த மருந்துகளால் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது. பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கும், 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுவிலின் முதலியவற்றைக் கொண்டு ஆறு மாதத்தில் முடியும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

ஆனால், சென்னை முடிவிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் பலர் கற்றுக்கொண்டார்கள் என்பது என் கருத்து. மருந்து போதும், உணவு ஒரு பொருட்டன்று என்று எண்ணத் தலைப்பட்டனர். சென்னைச் சோதனை கேட்ட கேள்வி, மருந்து உண்ணும் நோயாளியின் கிருமி ஒழிய நல்ல உணவு இன்றியமையாததா என்பது. அதே வீட்டில் அரைவயிறு உண்டு உறங்கும் குழந்தைக்கு நோய் வராமல் உணவு காக்குமா என்பது வேறு கேள்வி. காசநோய்க் கிருமி உட்புகுந்தவரில் பெரும்பாலோர்க்கு நோய் வருவதில்லை. உடலின் காவற்படை அதைச் சிறைப்படுத்தி வைக்கிறது. பட்டினியால் அக்காவற்படை தளர்ந்தால் சிறை திறந்துகொள்கிறது.

அந்த இரண்டாம் கேள்விக்கு முறையான சோதனையின் வழி விடை கிடைக்க 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பத்தாரிடையே ஒரு சோதனை நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன, மறுப்பது அறமாகாது. ஒரு சாராரின் வீட்டில் மட்டும் மற்றவர்களுக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும், ஊட்டச்சத்து மாத்திரைகளும் சேர்த்து வழங்கினர். அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளைப் பற்றியும் ஒரு செய்தி புலனாயிற்று. முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடையே இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது. சானடோரியத்துப் பாலும் முட்டையும் வீண் செலவென்று இனி எவரும் சொல்லத் துணியமாட்டார்.

நோயாளிக்கு உணவுக்கென்று மைய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தத் தொகையில் ஒரு குடும்பமே உண்ண இயலுமா என்பதை, கடைக்குச் சென்று அரிசியும் பருப்பும் வாங்குபவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

படுக்கையும் முற்றிலும் பயனற்றுப் போய்விடவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோர்க்குப் போதுமென்றாலும், நோய் கண்டறியும்போதே உயிர் ஊசலாடும் சிலர் இருக்கின்றனர். அவர்களைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பது இத்திட்டத்தின் வேலை. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. செவிலியர் நோயாளியின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார், கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் குறித்துக்கொள்கிறார். பின்பு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். நிற்க முடியாதவருக்கு அன்றே படுக்கை தேடப்படுகிறது.