சிறுத்துப் பிறந்த குழந்தைகளும் வளர்ச்சி ஊசியும்

வீட்டில் ஒரு குழந்தை குள்ளமாயிருந்தால், "தாத்தாவைக் கொண்டிருக்கிறான்" என்று சொல்லித் திருப்தியடைவது நம்மவர் வழக்கம். பல சமயம் அது உண்மையுங்கூட. ஆயினும், கர்ப்ப மாதங்களுக்குரிய எடையோ நீளமோ இன்றி மிகச் சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் நிலை வேறு. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் தாமாகவே மற்றப் பிள்ளைகளை எட்டிவிடுகின்றனர். எஞ்சியவர்களுக்கோ, டானிக்கும் முட்டையும் எவ்வளவு கொடுத்தாலும் அக்குறை தீர்வதில்லை.

இவர்களுக்கு உரிய சிகிச்சை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் ஊறும் வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகப் போடுவதே. 1958-இல் அமெரிக்க டாக்டர் மாரிஸ் ரேபன், இறந்தோரின் சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனால் ஓர் இளைஞன் வளர்ந்த செய்தியை வெளியிட்டார். அம்மருந்தால் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியமை தெரியவந்து, 1985-இல் அமெரிக்காவில் அது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கும் ஹார்மோன் வழக்கிற்கு வந்தது. சிறுத்துப் பிறந்தோருக்கு இதனை அமெரிக்கா 2001-இலும் ஐரோப்பா 2003-இலும் அனுமதித்தன.

டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசி எழுதிவிடமாட்டார். தைராய்டு, குடல்நோய் முதலியவற்றைச் சோதித்து, இடக்கை எக்ஸ்ரேயால் எலும்பின் வயதையும் பார்ப்பார். எலும்பு முனைகள் மூடிக்கொண்டபின் இந்த ஊசியால் உயரம் கூடாது. கல்யாணப் பேச்சு எழுந்த பின்னர் பெண்ணை அழைத்துக்கொண்டு ஓடுவோர் இதனை அறிந்திருத்தல் நலம். நான்கு வயதாகியும் எட்டாத குழந்தையைக் காட்டத் தாமதம் செய்யலாகாது.

ஊசி தோலுக்கடியில், தினமும் இரவில், பல்லாண்டுகள் போடப்படுவது. இரத்தச் சர்க்கரையையும் இடையிடையே சோதிக்க வேண்டும். குழந்தையின் எடைக்கேற்ப அளவு கூடுவதால் செலவும் ஆண்டுதோறும் ஏறும். இடையில் நிறுத்தினால் வளர்ச்சி வேகம் தளரும். ஆதலின் முதல் மாதச் செலவை மட்டும் கேட்டுத் தொடங்குவது சரியன்று.

நம்போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. இம்மருந்துகளிற் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டியவை, உறைந்தாலும் கெட்டுவிடும். நாக்பூரிலிருந்து கோடையில் சென்னைக்கு ரயிலேறுவோர், பனிக்கட்டி மருந்தின்மேல் நேராகப் படாதபடி துணி சுற்றிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். மற்றொன்று, தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதால், பிறந்த எடையும் கர்ப்ப வாரமும் குறித்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஊரில் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். டாக்டர் முதலிற் கேட்பது அச்சீட்டைத்தான். அடுத்த லீவில் ஊர் செல்வோர் அதனைத் தேடியெடுத்து, ஒரு நகலாவது கொண்டுவரட்டும்.